பின்னேரக் கிளினிக்குக்குப் போகுமுன்

திருகோணமலையில் ஐந்து மணிக்கு மேல் டிஸ்பென்சரி வாசல்களில் செருப்புகள் நிறையத் தொடங்கிவிடும். பகலில் அரச வைத்தியசாலையில் வேலை செய்யும் வைத்தியரே பல இடங்களில் உள்ளே இருப்பார். அவரே பார்ப்பார், அவரே மருந்தும் கொடுப்பார். குளிசைகள் சின்னக் கடதாசி உறைகளில் வரும். ‘காலை 1, இரவு 1’ என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் மருந்தின் பெயர் இருக்காது. காசும் ஒரே தொகைதான். அதில் பார்வைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

எழுதுகிறவரே விற்கிறவராகவும் இருந்தால், உறை கூடக்கூட அவருக்கு வரும்படியும் கூடும். எவ்வளவு நேர்மையான வைத்தியரையும் இந்த ஏற்பாடு ஒரு பக்கமாகவே இழுக்கும். தென் கொரியா 2000 இல் எழுதுவதையும் விற்பதையும் சட்டம் போட்டுப் பிரித்தபோது வைத்தியர்கள் நாடளாவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எவ்வளவு வருமானம் அதில் தங்கியிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1997 இல் பிரிக்கத் தொடங்கிய தாய்வானில் பல கிளினிக்குகள் தாமே ஒரு மருந்தாளரை அமர்த்திக்கொண்டு பழையபடி தொடர்ந்தன. இலங்கையில் அப்படிப் பிரிக்கும் சட்டமே இல்லை. ஆகவே நம் பக்கத்தில் செய்யக்கூடியதைப் பார்ப்போம்.

செய்ய வேண்டியவை

● உறையில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும்தான் செய்ய முடியுமென்றால் இதைச் செய்யுங்கள். 2017 இன் தொடக்கத்தில் கிண்ணியாவை டெங்கு எப்படி உலுக்கியது என்பது இங்கே யாருக்கும் மறந்திருக்காது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. டெங்குக் காய்ச்சலில் பரசிட்டமோல் கொடுக்கலாம். டைக்ளோபெனக், இபுபுரூபன், மெபெனமிக் அசிட் போன்ற வலிக்குளிசைகள் இரத்தக்கசிவைக் கூட்டும், கொடுக்கக்கூடாது. மூன்றாம் நாள் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், “இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள்?” என்று கேட்பார்கள். “ஒரு வெள்ளைக் குளிசை, ஒரு மஞ்சள் குளிசை, ஒரு பாணி” என்ற பதிலை வைத்துக்கொண்டு எந்த வைத்தியரால் என்ன செய்ய முடியும்? “டொக்டர், பெயரை ஒருக்கா எழுதித் தாங்கோ” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

● நீண்டநாள் மருந்தென்றால் மருந்துத் துண்டு கேளுங்கள். கம்பனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கட்டும். பேராசிரியர் சேனக்க பிபிலே 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தலைவராக இருந்து போராடியது இந்தப் பொதுப்பெயருக்காகத்தான். பெயர் கையில் இருந்தால் அந்தக் கூட்டுத்தாபனத்தின் மருந்துக்கடையான ஒசுசலவிலும் கேட்கலாம், வேறு பாமசியிலும் விலை விசாரிக்கலாம். 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு அரசு உச்ச விலை விதித்தது. பெயர் தெரியாத குளிசைக்கு எந்த உச்ச விலையைக் காட்டிப் பேசுவது?

● அரச கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். சீனி, பிரஷர் குளிசைகளை இலவசமாக வாங்கும் ஒருவர், தனியார் உறையிலும் அதே மருந்தை வாங்கி இரட்டிப்பாகப் போட்டுவிடக்கூடும்.

● மருந்து வேண்டாம் என்று சொல்லும் வைத்தியருக்குப் பார்வைக் காசை மனம் நிறைந்து கொடுங்கள். சிக்கலின் பாதி நம்மிடம்தான் இருக்கிறது. “சும்மா தடிமன்தான், தண்ணீரைக் குடித்துப் படுத்திரு” என்று சொல்லிவிட்டுக் காசு வாங்கினால், வாசல் தாண்டுமுன்பே “ஒரு குளிசைகூடத் தரவில்லை, காசை மட்டும் வாங்கிப்போட்டார்” என்கிறோம். அடுத்த முறை பக்கத்துத் தெரு டொக்டரிடம் போகிறோம். பத்து நிமிடம் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டதற்குக் கூலி கொடுக்க மறுக்கிற ஊரில், அந்தக் கூலியைக் குளிசைக்குள் ஒளித்து வாங்க வைத்தியர் பழகிக்கொள்கிறார்.

செய்யக்கூடாதவை

● “ஊசி ஒன்று போடுங்க டொக்டர்” என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அன்டிபயோட்டிக்கும் அப்படித்தான். தடிமன் வைரஸால் வருவது, அதற்கு அது வேலை செய்யாது.

● அன்டிபயோட்டிக் தந்தால், உறையில் இருப்பது முழுக் கணக்கா, இன்னும் வாங்க வேண்டுமா என்று கேட்காமல் எழும்பாதீர்கள்.

● துண்டு இல்லாமல் பாமசியில் கேட்டு வாங்காதீர்கள். விற்றால் லாபம் என்ற கணக்கு அங்கும் உண்டு, பரிசோதனைதான் இல்லை.

● டிஸ்பென்சரி வைத்தியரைக் கள்ளனாகப் பார்க்காதீர்கள். 2009 இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாக்காரர் படகுப்பாதைக்குக் காத்திருந்துதான் பட்டினத்துக்கு வரவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடங்களில் இரவில் மருந்தோடு இருக்கும் வைத்தியர் பெரிய உதவி. இன்றும் பாமசி வசதியில்லாத கிராமத்தில் இரண்டையும் பிரித்தால் நோயாளிதான் அலைவார். பட்டினத்தில், நடக்கும் தூரத்தில் பாமசி இருக்கும்போது அந்த நியாயம் எடுபடாது.

வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்வைக் காசையும் மருந்துக் காசையும் பிரித்து வாசலில் எழுதிப் போடுங்கள். கம்பனி இனாமாகத் தந்த பெட்டி முடியவேண்டும் என்பதற்காக எழுதாதீர்கள். சொந்த பாமசி இருந்தால் அதை நோயாளியிடம் சொல்லிவிட்டே அனுப்புங்கள்.

விதித்த விலைக்கு மேல் வாங்கினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம். வைத்தியரின் நடத்தை பற்றியதென்றால் இலங்கை மருத்துவ சபைக்கு எழுதலாம். இரண்டுக்கும் கையில் ஆதாரம் வேண்டும். ஆகவே கிளினிக்கிலும் சரி, பாமசியிலும் சரி, பில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.