பொதுக் கலத்தில் சேர்ந்த நீர்

அமெரிக்காவில் யூனிடேரியன், யுனிவர்சலிஸ்ட் என்ற இரு சமயப் பிரிவுகள் 1961-இல் ஒன்றாயின. அந்த மரபைச் சேர்ந்த சபைகள் பலவற்றில் கோடை வந்ததும் வழக்கம் மாறுகிறது. போதகர் ஓய்விலும் நூற்பயிற்சியிலும் ஈடுபடுகிறார்; சபையினரே முறைவைத்து எளிய வழிபாட்டை நடத்துகின்றனர்; குடும்பங்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து செல்கின்றன.

செப்டம்பரில் அவர்கள் மீண்டும் கூடும்போது, தாம் கொணர்ந்த சிறிது நீரை ஒவ்வொருவரும் பொதுக் கலத்தில் ஊற்றுவர். 1980-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங் நகரில் கூடிய பெண்கள் மாநாட்டிற்காக, கரோலின் மெக்டேட், லூசில் லாங்வியூ ஆகிய இருவரும் அமைத்த சடங்கு இது.

நாளடைவில் ஓர் இடர் புகுந்தது. தொலைதூரக் கடல்நீரைக் கொணர்ந்தவர் தம் பயணப் பெருமையைக் கூறலானார். பயணம் செல்ல வசதியற்றவர் கூசி நின்றார். ஒன்றுசேர்க்க வந்த சடங்கே ஏற்றத்தாழ்வைக் காட்டிற்று. இதை உணர்ந்த சபைகள், வீட்டுக் குழாய்நீரும் அதற்கு இணையானதே என வலியுறுத்தின.

இதில் நமக்கு என்ன படிப்பினை? வழிபாட்டிற்குக் கொணரும் பொருளுடன், 'கொணர்ந்தவன் நான்' என்ற எண்ணமும் ஓசையின்றி உள்ளே வந்துவிடுகிறது. பொருளைக் கொடுப்பது எளிது. அந்த எண்ணத்தைக் கொடுத்துவிடுவதே சாதனை.

சில சபைகள் அந்நீரில் சிறிது எடுத்துக் கொதிக்கவைத்துப் பாதுகாக்கின்றன; பின்னர் குழந்தைகளை ஆசீர்வதிக்கையில் பயன்படுத்துகின்றன. குழந்தையின் நெற்றியைத் தொடும் அத்துளி கடலிலிருந்து வந்ததா, குழாயிலிருந்து வந்ததா என்று யாரால் பிரித்துக் கூற இயலும்? நமது காணிக்கையும் அவ்வாறே பெயரின்றிக் கலக்கட்டும்.