கால் குடைச்சலும் கெட்டுப்போன தூக்கமும்

அன்புள்ள கயல்,

படுத்த அரைமணிக்குள் கால் குடைய ஆரம்பிக்கிறது, வலி என்றும் சொல்ல முடியவில்லை, கெண்டைக்காலுக்குள் என்னவோ ஊர்கிறது, எழுந்து நடந்தால் அடங்குகிறது, படுத்தால் மறுபடி வருகிறது என்று எழுதியிருந்தாய். பரீட்சை பயம் என்று ஹாஸ்டல் தோழிகள் சொன்னால் சொல்லட்டும். டாக்டர்கள் இந்த நோயைக் கண்டுகொள்ளும் அடையாளங்கள் உன் கடிதத்திலேயே இருக்கின்றன: காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு, சும்மா இருந்தால் கூடுவது, நடந்தால் குறைவது, இரவில் மிகுவது. கெண்டை பிரட்டல் வேறு. அதில் சதை இறுகி உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். 1945-இல் சுவீடனின் எக்போம் விரிவாக ஆராய்ந்து 'ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்' என்று பெயரிட்டார். குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது இது. உன் அப்பத்தா ராத்திரியில் எங்களைக் கூப்பிட்டுக் காலை மிதிக்கச் சொல்வார். ஆள் இல்லாத நாளில் பழைய சேலையைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொள்வார். வேலை அலுப்பு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

முதலில் இரும்புச்சத்தைப் பார். மூளையில் இரும்பு குறைவதும் அதனால் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் வேலை பிசகுவதும் இந்த நோயோடு நெருங்கிய தொடர்புடையவை. ஹீமோகுளோபின் 12 இருக்கிறதே என்று இருந்துவிடாதே. உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. அது 20, 30 என்று இருந்தாலும் பல லேப்களில் 'நார்மல்' என்றே அச்சடித்துத் தருவார்கள். ஆனால் இந்த நோய் உள்ளவர்களுக்கு 75-ஐத் தாண்டவில்லை என்றாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம். நீயாக மாத்திரை வாங்கிப் போடாதே. தேவைக்கு மேல் சேரும் இரும்பு ஈரலைக் கெடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடு, சோற்றில் இருக்கும் இரும்பை உடம்பில் ஏறவிடாது அது.

சளி, அரிப்புக்குப் போடும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளும், மனஅழுத்த மருந்துகள் சிலவும் குடைச்சலைக் கூட்டும். போட்டுக்கொண்டிருப்பதை டாக்டரிடம் சொல், நீயாக நிறுத்தாதே.

குடைச்சல் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதே. வராந்தாவில் நட. சுவரில் கைவைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்காலை நன்றாக நீட்டு. வெந்நீர் சிலருக்குக் கேட்கும், பச்சைத் தண்ணீர் சிலருக்கு. மூளைக்கு வேலை கொடுக்கும் புதிர்க் கணக்கு ஏதாவது போட்டாலும் தணியும். சாயங்காலக் காபி வேண்டாம். விடியற்காலையில் கால் ஓயும், அப்போது வரும் தூக்கம் நல்ல தூக்கம். காலை வகுப்பு இல்லாத நாளில் அலாரம் வைக்காமல் தூங்கு, சோம்பேறி என்று யார் சொன்னாலும் சரி.

இதிலும் அடங்காவிட்டால் காபாபென்டின், ப்ரீகாபலின் போன்ற மருந்துகள் உண்டு. முன்பு அதிகம் கொடுத்த ப்ராமிபெக்ஸோல் ஆரம்பத்தில் நன்றாகக் கேட்கும். வருஷக்கணக்கில் போட்டால் இரவில் வந்த குடைச்சல் மத்தியானமே வரத் தொடங்கலாம். எழுதிக் கொடுத்தால் இதைக் கேட்டுக்கொள்.

டாக்டரிடம் "தூக்கம் வரல" என்று ஆரம்பிக்காதே, தூக்க மாத்திரையோடு முடிந்துவிடும். எனக்கு எழுதியதை அப்படியே சொல், அப்பத்தாவுக்கு இருந்ததையும் சேர்த்துச் சொல். ரத்தம் காலையில் கொடு. ரிசல்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அத்தை