கலப்புத் தோலும் அதன் பராமரிப்பும்

(பாடம்: சுகாதாரமும் உடற்கல்வியும்)

நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழிய, கன்னம் மட்டும் காய்ந்து வெளிறுகிறதா? கவலைப்படாதீர்கள். இது நோயன்று. இத்தகைய தோலே கலப்புத் தோல் எனப்படும்.

1. காரணம்

தோலிலுள்ள நெய்ச்சுரப்பிகள் சுரக்கும் நெய், தோலை உலராமல் காக்கின்றது. நெற்றி, மூக்கு, நாடி ஆகிய இடங்களில் இச்சுரப்பிகள் அதிகம், கன்னத்தில் குறைவு. கட்டிளமைப் பருவத்தில் இலிங்க ஓமோன்கள் இவற்றைத் தூண்டுவதால் நெய் மிகுகின்றது. நெய்யும் இறந்த கலங்களும் மயிர்ப்புடைப்பை அடைக்க, அங்கே பற்றீரியா பெருகும்போது பரு தோன்றுகின்றது. ஆகவே பரு அழுக்கின் அடையாளமன்று.

2. எமது சூழல்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் வன்னியில் வெயிலும் வரட்சியும் கடுமை. பல கிணறுகளில் இருப்பது வன்னீர். அதிலுள்ள கல்சியம், மகனீசியம் உப்புகள் சவர்க்காரத்துடன் தாக்கமுற்றுக் கரையாத படிவை உண்டாக்கும். இப்படிவு தோலில் தங்கி உறுத்தும். எனவே அடிக்கடி சவர்க்காரம் போட்டால் கன்னம் மேலும் காயும்.

3. பராமரிப்பு

அ. காலையும் மாலையும் மென்மையான சவர்க்காரத்தால் கழுவுங்கள். உடுப்புச் சவர்க்காரம் வேண்டாம்.
ஆ. நன்கு அலசி, துவாயால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள்.
இ. காயும் இடத்திற்கு மட்டும் ஈரப்பதம் காக்கும் பூச்சைப் பூசுங்கள்.
ஈ. பருவைக் கிள்ளாதீர்கள், தழும்பு நிலைத்துவிடும்.
உ. வெயிலில் குடை அல்லது தொப்பி பாவியுங்கள்.

4. எச்சரிக்கை

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, கேலிக்குப் பயந்து பெயரில்லாத வெண்மைக் கிறீம் ஒன்றைப் பூசினாள். முகம் சிவந்து எரிந்தது. சில வாரம் வகுப்புக்கே வரவில்லை. இத்தகைய கிறீம்கள் சிலவற்றில் இரசம் உண்டு. அது சிறுநீரகத்தையும் நரம்புத் தொகுதியையும் பாதிக்கும். சிலவற்றிலுள்ள ஸ்ரீரொயிட் தோலை மெலியச் செய்யும். 2013 இல் ஏற்கப்பட்ட மினமாட்டா சமவாயம், மில்லியனில் 1 பங்குக்கு மேல் இரசமுள்ள அழகுசாதனங்களை 2020 உடன் நிறுத்தும்படி விதித்தது. 2025 உடன் இரசம் சேர்த்த எல்லா அழகுசாதனங்களையும் நிறுத்த 2023 இல் தீர்மானிக்கப்பட்டது. உள்ளடக்கம் அச்சிடப்படாத கிறீமை வாங்காதீர்கள். பரு கடுமையானால் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு சிகிச்சை இலவசம்.

மாதிரி வினா: கட்டிளமைப் பருவத்தில் பரு தோன்றுவதற்கு இரு காரணங்கள் தருக.

விடை: ஓமோன் தூண்டலால் நெய்ச்சுரப்பு அதிகரித்தல், மயிர்ப்புடைப்பு அடைபட்டுப் பற்றீரியா பெருகுதல்.

ஞாபகத்திற்கு: சக மாணவரின் முகத்தைக் கேலி செய்யாதிருப்பதும் சுகாதாரமே.