பேரிங் மாற்றப் பழகும் தம்பிமாருக்கு

மாத்தளை டவுனில் முப்பது வருஷமாக வாஷிங் மெஷின் திருத்துகிறேன். முன்பக்கக் கதவுள்ள மெஷினில் பேரிங் மாற்றுவதுதான் பெரிய வேலை. அவசரப்பட்டால் இரண்டாம் முறையும் கழற்ற வேண்டிவரும்.

1. ஸ்பேனரைத் தொடுமுன் காதைக் கொடுங்கள். உடுப்புப் போடாமல் ஸ்பின்னை மட்டும் ஓடவிடுங்கள். பேரிங் போயிருந்தால், எங்கள் ஸ்டேஷனுக்குத் தூரத்தில் வரும் ரயில்போல மெல்ல உறுமத் தொடங்கி, வேகம் ஏற ஏற வீடே இரையும். சும்மா டக்டக்கென்று தட்டினால் சட்டைப் பொத்தானோ சில்லறைக் காசோ ட்ரம்முக்கு வெளியே சிக்கியிருக்கலாம். அதற்காக மெஷினைப் பிரிக்காதீர்கள்.

2. பிளக்கைக் கழற்றிவிட்டு, ட்ரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ட்ரம்மும் வெளித்தொட்டியும் ஒன்றாக ஆடினால் அது ஸ்பிரிங்கின் ஆட்டம். தொட்டி அசையாமல் ட்ரம் மட்டும் ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. பின் தகட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, புலியைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல விரலுக்குத் தெரியும்.

3. புலிக்குப் பின்னால் தொட்டியில் துருநிறத்தில் ஒரு கோடு வழிந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் கோடு இருந்தால் முதலில் போனது ஒயில் சீல். சீல் தேய்ந்தால் சவர்க்காரத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். பிறகு உருண்டைகள் துருப்பிடிக்கும். நான் புதியவனாக இருந்தபோது, ரத்தோட்டையில் ஒரு அம்மாவுக்குச் செலவைக் குறைப்பதாக நினைத்து, பழைய சீலையே வைத்துப் புது பேரிங் போட்டேன். ஐந்தே மாதத்தில் அதே உறுமல். வேலைக்குப் போகும் மகளின் உடுப்பையும் பேரப்பிள்ளைகளின் உடுப்பையும் அவர் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். காசு வாங்காமல் மறுபடி செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து சீல் இல்லாமல் பேரிங்கை மட்டும் நான் மாற்றியதே இல்லை.

4. வயர்களைக் கழற்றுமுன் போனில் படம் எடுங்கள். கொங்கிரீட் பாரத்தை இரண்டு பேராக இறக்குங்கள்.

5. ட்ரம்மை வெளியே எடுத்ததும், ஷாஃப்ட்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் எந்தப் புது சீலும் தண்ணீரை மறிக்காது. ஷாஃப்ட்டைத் தாங்கும் மூன்று கை அலுமினியத்தையும் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால், வெடிப்பு இருந்தால், அதையும் மாற்றத்தான் வேண்டும். தம்புள்ளை, கலேவெல பக்கம் கிணற்றுத் தண்ணீர் கடினம். அங்கிருந்து வரும் மெஷின்களில் உப்புப் படிவு தடித்திருக்கும். கழுவாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

6. கடைக்குப் பழைய பேரிங்கையே கொண்டுபோங்கள். 6205 என்று வெட்டியிருந்தால், கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்: உள்வட்டம் 25 மில்லிமீட்டர். வெளிவட்டம் 52, தடிப்பு 15. எந்தக் கம்பனி செய்தாலும் இந்த அளவு மாறாது. முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு அளவு இருப்பது வழக்கம், இரண்டையும் பாருங்கள். இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதையே கேளுங்கள்.

7. பூட்டும்போது வெளிவளையத்தில் மட்டும் அடியுங்கள். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி உருண்டைகள் வழியாகப் போய் பாதையில் குழி விழுத்தும். புது பேரிங் முதல் நாளே இரையும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தை மேலே வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். இருக்கையில் போய் உட்கார்ந்ததும் சுத்தியலின் சத்தம் மாறி, கெட்டியாக ஒலிக்கும். அங்கே நிறுத்துங்கள். சீலின் உதட்டில் தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் பூசுங்கள்.

8. சில புது மெஷின்களில் தொட்டியை ஒட்டியே மூடியிருக்கிறார்கள். அறுத்துத்தான் திறக்க வேண்டும். அதையும், முழுத் தொட்டி என்ன விலை என்பதையும் மெஷினைப் பிரிக்குமுன் வீட்டாரிடம் சொல்லுங்கள். பிரித்துப் போட்ட பிறகு சொன்னால் அவர்களுக்கு வேறு வழி இருக்காது.

9. பின் தகட்டைப் பூட்டுமுன், சீலுக்குக் கீழே தரையில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, ஒரு முழுத் துவையல் ஓடவிடுங்கள். கரண்ட் இருக்கும்போது உள்ளே கை வைக்கக்கூடாது. முடிந்ததும் பிளக்கைக் கழற்றித் தாளைத் தொட்டுப் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் திரும்பக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் தகட்டைப் பூட்டலாம்.