ரேடான் வாயுவும் வீட்டின் காற்றோட்டமும்

விறகுப் புகை கண்ணைக் கரிக்கிறது. சமையல் வாயு கசிந்தால் மூக்கு அறிந்து கொள்கிறது. ஆனால் நிறமும் மணமும் சுவையும் அற்ற வாயு ஒன்று பூமியிலிருந்து எழுந்து, நாம் அறியாமலே வீட்டுக்குள் தங்கக்கூடும். அதன் பெயர் ரேடான். நுரையீரல் புற்றுநோய்க்குப் பல நாடுகளில் புகை பிடித்தலுக்கு அடுத்த முக்கிய காரணம் இதுவே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதைக் கண்டறிவதும் குறைப்பதும் கடினமான காரியங்கள் அல்ல. ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் இதன் இயல்பை அறிந்திருத்தல் நலம்.

ரேடான் எங்கிருந்து வருகிறது?

எல்லா மண்ணிலும் பாறையிலும் யுரேனியம் என்னும் உலோகம் மிகச் சிறு அளவில் கலந்துள்ளது. கருங்கல் பாறைகள் பலவற்றில் அது சற்று அதிகம். யுரேனியம் காலப்போக்கில் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. முன்னவை இரண்டும் திடப் பொருள்கள்; அவை பாறையிலேயே தங்கிவிடும். ரேடானோ வாயு. ஆதலால் மண்ணின் இடுக்குகள் வழியே மேலே வருகிறது.

திறந்த வெளியில் அது காற்றோடு கலந்து நீர்த்துப் போகும். வீட்டின் நிலை வேறு. அறைக் காற்று சூடேறி மேலெழும்போது, தரைக்கு அடியிலுள்ள காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. தரை வெடிப்புகள், சுவரும் தரையும் சேரும் இடம், குழாய் நுழையும் துவாரம் ஆகியவை அதற்கு வழி விடுகின்றன. கதவும் ஜன்னலும் அடைபட்டிருந்தால் வந்த வாயு வெளியேறுவதில்லை. வடிகால் அடைபட்ட வயலில் நீர் தேங்குவது போன்றதே இது.

ரேடான் 3.8 நாட்களில் பாதியளவு சிதைந்துவிடும். சிதைவில் தோன்றும் பொலோனியம் முதலிய நுண்துகள்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு, மூச்சுடன் நுரையீரலில் படிகின்றன. அவை வீசும் ஆல்பாக் கதிர்கள் நுரையீரலின் உயிரணுக்களைத் தாக்குகின்றன. பல ஆண்டுகள் இவ்வாறு தாக்குண்டால் புற்றுநோய் தோன்றக்கூடும். புகை பிடிப்போருக்கு ரேடானால் வரும் அபாயம், புகை பிடிக்காதோரைவிடச் சுமார் 25 மடங்கு அதிகம்.

அபாயம் தெரியவந்த வரலாறு

ஜெர்மனியில் ஷ்னீபெர்க் என்னுமிடத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் பல தலைமுறைகளாக மார்பு நோயால் மாண்டனர். அது நுரையீரல் புற்றுநோய் என்பது 1879-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அதற்குக் காரணம் ரேடான் என்பது பிற்பாடே விளங்கிற்று.

வீடுகளிலும் இந்த அபாயம் உண்டு என்பதை உலகறியச் செய்த நிகழ்ச்சி 1984-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமரிக் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் பணி புரிந்தார். அங்குள்ள கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவி அவரைக் கண்டு ஒலித்தது. ஒரு நாள் காலையில் அவர் வேலைக்குள் நுழையும்போதே அது ஒலித்தபடியால், கதிர்வீச்சுத் துகள்கள் அவர் வீட்டிலிருந்தே வந்தன என்று தெரிந்தது. அவர் வீட்டைச் சோதித்ததில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 1 லட்சம் பெக்கரல் அளவு ரேடான் இருந்தது. ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைவதே ஒரு பெக்கரல். அவ்வீட்டார் வெளியேறினர், வீடு சீர் செய்யப்பட்ட பின், சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தனர். தக்க முயற்சியால் இந்த அபாயத்தை நீக்க முடியும் என்பதற்கு அவ்வீடே சான்று.

சோதிக்கும் முறை

வீட்டின் தோற்றத்தைக் கொண்டு ரேடானை ஊகிக்க இயலாது. அடுத்தடுத்த இரு வீடுகளிலும் அளவு பெரிதும் வேறுபடலாம். அளந்தே அறிய வேண்டும்.

சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தனிவகைப் படலத் துண்டு ஒன்றைப் பொருத்தி, அதைப் படுக்கும் அறையில் மூச்சுக் காற்றின் உயரத்தில் தொங்கவிடுவார்கள். ஜன்னல் ஓரத்திலும், சமையலறையிலும், குளியலறையிலும் வைப்பதில்லை. மூன்று மாதங்கள் கழித்து அப்படலத்தை ஆய்வுக்கூடத்தில் காரக் கரைசலில் இட்டால், கதிர்கள் பட்ட தடங்கள் நுண்ணோக்கியில் தெரியும். அவற்றை எண்ணி ரேடான் அளவைக் கணக்கிடுவர். பகலுக்கும் இரவுக்கும், பருவத்துக்குப் பருவமும் அளவு மாறுமாதலால் நீண்ட நாள் சோதனையே நம்பத் தக்கது. நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் இத்தகைய கருவிகளை வடிவமைத்துள்ளது. பல்கலைக்கழகங்கள் பலவற்றின் இயற்பியல் துறையினர் இவ்வாய்வை நடத்தி வருகின்றனர்.

கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் இருத்தல் நல்லது என்றும், அது இயலாவிடில் 300-ஐத் தாண்டலாகாது என்றும் 2009-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது.

குறைக்கும் வழிகள்

1. அறைக்கு எதிரெதிராக இரு ஜன்னல்கள் வேண்டும். நாள்தோறும் அவற்றைத் திறந்து வைத்தல் வேண்டும்.

2. தரை வெடிப்புகளையும், குழாயைச் சுற்றியுள்ள சந்துகளையும் சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். அடைத்தல் மட்டும் போதாது; காற்றோட்டமும் சேர்ந்தே பயன் தரும்.

3. அளவு மிகுந்த வீட்டில், தரைக்கு அடியிலுள்ள ஜல்லிப் படுகையிலிருந்து ஒரு குழாயைக் கூரைக்கு மேல் கொண்டு சென்று, அதில் சிறு மின்விசிறி பொருத்துவர். வாயு வீட்டுக்குள் புகுமுன்பே வெளியே இழுக்கப்படும். வெளிநாடுகளில் பெரிதும் கைக்கொள்ளும் முறை இதுவே.

4. பாறையைத் துளைத்த ஆழ்துளைக் கிணற்று நீரில் ரேடான் கரைந்திருக்கலாம். நீரைக் காற்றுப் படும்படி தொட்டியில் விழச் செய்து, சிறிது காலம் தேக்கி வைத்தால் பெரும்பகுதி நீங்கும். தொட்டிக்கு மூடியும் காற்றுப் போக்கியும் இருத்தல் வேண்டும்.

நம் கிராமங்களின் நிலை

குளிர் நாடுகளில் வீட்டை மாதக்கணக்கில் அடைத்து வைக்கிறார்கள். நம் ஓட்டு வீடும் திண்ணையும் முற்றமும் காற்றுக்கு வழி விட்டவை. ஆகவே பீதி கொள்ள வேண்டியதில்லை. எனினும் இன்று சிற்றறைகள் கொண்ட கான்கிரீட் வீடுகள் பெருகுகின்றன. குளிர்சாதனப் பெட்டி பொருத்திய அறைகள் இரவெல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன. முன்னோர் வீட்டில் தானாகக் கிடைத்த காற்றோட்டத்தை இனி நாம் திட்டமிட்டு அமைக்க வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் தாது உண்டு. அதிலுள்ள தோரியத்திலிருந்து ரேடானின் மற்றொரு வகையான தோரான் எழுகிறது. அது ஒரு நிமிடத்துக்குள் பாதியாகிவிடுமாதலால் தொலைவு செல்லாது. ஆயினும் அத்தகைய மணலைத் தரைக்கோ சுவர்ப் பூச்சுக்கோ உபயோகித்தால், வாயுவின் ஊற்றை வீட்டுக்குள்ளேயே அமைத்ததாகும். அதைத் தவிர்த்தல் வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது யாது? வீட்டு வசதித் திட்டங்களில் எழும் வீடுகளைப் பார்வையிடும்போது, செலவைக் குறைக்கும் பொருட்டு ஜன்னலும் காற்றுப் போக்கியும் கைவிடப்படாதபடி பார்த்துக்கொள்ளலாம். பள்ளி, அங்கன்வாடிக் கட்டிடங்களில் தரை வெடிப்புகளைச் செப்பனிடலாம். கருங்கல் பாறை மிகுந்த ஊர்களில், அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு எழுதிச் சில வீடுகளையேனும் சோதிக்கக் கேட்கலாம். அடுப்புப் புகையால் நம் தாய்மார்கள் படும் துன்பம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. ரேடானுக்கெனத் திறக்கும் ஜன்னல் அப்புகையையும் வெளியேற்றும். ஒரு செலவில் இரு பயன் கிடைக்கும்.

கிராம சபையில் விவாதிக்க வினாக்கள்

1. நம் ஊரில் புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளில் எதிரெதிர் ஜன்னல் இல்லாத படுக்கை அறைகள் எத்தனை?

2. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரை வெடித்துள்ள இடங்கள் எவை? யார், எப்போது அடைப்பது?

3. நம் ஊர்க் குடிநீர் எந்த ஆழத்திலிருந்து வருகிறது? மேல்நிலைத் தொட்டியில் காற்றுப் போக்கி உள்ளதா?