‘ஃபிட் இன்’, ‘பிலாங்’: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: இரண்டுக்கும் ஒரே பொருள், எதை எங்கே போட்டாலும் சரி.

உண்மை: புதிதாக ஓரிடத்துக்கு வந்தவர் அங்குள்ளவர்களோடு ஒத்துப்போய், அவர்களில் ஒருவராக ஏற்கப்படுவதுதான் ‘ஃபிட் இன்’. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்கு வந்த பெண் மலையாளம் பழகி அலுவலகத்தில் எல்லோரோடும் கலந்துவிட்டால், “ஷி ஃபிட்ஸ் இன்” என்பது பொருத்தம். அதே நகரின் சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த தமிழரை அப்படிச் சொல்வது பிழை. சொந்த ஊரில் இருப்பவரை வந்தேறியாக்கிவிடுகிறது அது. ஓரிடத்துக்கு உரியவராகவே இருப்பதுதான் ‘பிலாங்’; அவருக்கு அதுவே பொருந்தும்.

திருவனந்தபுரத்தில் இந்த வேறுபாடு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் இங்கே புதிதாக வந்ததல்ல. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே மாநிலத்தில் இருந்தன. அதற்கு வெகுமுன்பே, இங்குள்ள மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை 1891இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டார். தமிழ்நாடு அரசு விழாக்களில் 1970 முதல் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து அதிலிருந்து எடுத்ததுதான். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன் இங்கிருந்தே தமிழில் எழுதினார். ஆ. மாதவன் சாலையில் கடை நடத்திக்கொண்டே அந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கினார். இந்த மரபைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் நம் பிள்ளைகளே “தமிழ்ஸ் ஃபிட் இன் ஹியர்” என்று எழுதும்போது மனம் வலிக்கிறது. “தமிழ்ஸ் பிலாங் ஹியர்” என்று எழுதுங்கள்.

நம்பிக்கை: “ஐ ஆம் பிலாங்கிங் டு மதுரை” சரியான ஆங்கிலம்.

உண்மை: இல்லை. ‘பிலாங்’ ஒரு நிலையைச் சொல்லும் வினை. இந்த இடத்தில் ‘இங்’ ஏற்காது. ஊரைச் சொல்ல “ஐ ஆம் ஃப்ரம் மதுரை” போதும். ஆனால் “ஷி இஸ் ஃபிட்டிங் இன் வெல்” சரியே. ஒத்துப்போவது நாளுக்கு நாள் நடந்துகொண்டிருப்பது அல்லவா?

நம்பிக்கை: ‘ஃபிட் இன் டு தெம்’ என்று வரும்.

உண்மை: ஆட்களைச் சொன்னால் ‘ஃபிட் இன் வித் தெம்’. குழுவையோ இடத்தையோ சொன்னால் ‘ஃபிட் இன்டு த டீம்’.

நம்பிக்கை: ‘ஃபிட்’டையும் ‘இன்’னையும் பிரிக்கவே கூடாது.

உண்மை: ஒத்துப்போவது என்ற பொருளில் பிரியாது. நேரம் ஒதுக்குவது என்ற பொருளில் பிரியும். டாக்டரைப் பார்க்க நேரம் கேட்கும்போது “கேன் யூ ஃபிட் மீ இன் டுடே?” என்கிறோம். அங்கே ‘மீ’ நடுவில்தான் வரவேண்டும். “ஃபிட் இன் மீ” என்று யாரும் சொல்வதில்லை.