கதிரை உத்தியோகமும் எமது உடம்பும்

“வெயில் படாமல், கதிரையில் இருந்து செய்யிற உத்தியோகம்” என்பது ஊரில் எமது பெற்றோர் எமக்காகக் கண்ட கனவு. பிரித்தானியாவுக்கு வந்த புதிதில் எம்மில் பலர் பெற்றோல் நிலையங்களிலும் உணவகங்களிலும் இரவிரவாக நின்று வேலை செய்தோம். பிள்ளைகளாவது கதிரையில் இருக்கட்டும் என்று நினைத்தோம். இன்று பல வீடுகளில் அந்தக் கனவு பலித்திருக்கிறது. ஆனால் அந்தக் கதிரையிலும் ஆபத்து உண்டு என்பதை நாம் இன்னும் சரியாக உணரவில்லை.

அண்மையில் கழுத்து நோவுடன் எம்மிடம் வந்த ஒருவர், “டொக்டர், நான் ஒரு பாரமும் தூக்கிறேல்லையே, இருந்துதானே வேலை செய்யிறன்” என்றார். வயது நாற்பதைத் தாண்டியவர். மத்தியானச் சாப்பாடு கணினிக்கு முன்னாலேயே. சனி, ஞாயிறில் கடையொன்றில் இன்னொரு வேலை. குருதியைச் சோதித்தபோது அவருக்கு நீரிழிவு இருப்பதும் தெரியவந்தது.

பஸ் வண்டி சொன்ன பாடம்

1953 இல் ஜெரி மொறிஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் இலண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். நாள் முழுவதும் இருந்து ஓட்டிய சாரதிகளை விட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. தபால் ஊழியர்களிலும் அப்படியே: நடந்து கடிதம் கொடுத்தவர்களுக்குக் குறைவு, மேசையில் இருந்தவர்களுக்குக் கூட. பின்னர் 1956 இல் சீருடை அளவுகளைப் பார்த்தபோது சாரதிகளின் இடுப்பு பெரிதாக இருந்தது. ஆகவே வித்தியாசம் முழுவதற்கும் கதிரையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இடுப்பளவையும் நாம் கவனிக்க வேண்டும்.

இன்றைய கணக்குகள்

பிரித்தானிய சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட 2023/24 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, வேலையால் மன அழுத்தம், மனச்சோர்வு அல்லது பதற்றம் ஏற்பட்டதாகக் கூறியவர்கள் 776,000 பேர். தசை, எலும்பு, மூட்டு உபாதை கூறியவர்கள் 543,000 பேர். இவை எல்லா வகை வேலைகளையும் சேர்த்த, ஊழியர்கள் தாமே கூறியவற்றின் அடிப்படையிலான கணக்குகள்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் நிறுவனமும் 2021 இல் வெளியிட்ட ஆய்வு எமக்கு இன்னும் முக்கியமானது. வாரம் 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவரோடு ஒப்பிட்டால், 55 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் வேலை செய்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 வீதமும், இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதமும் அதிகம். கந்தோர் வேலையோடு வார இறுதிக் கடை வேலையையும் கூட்டிப் பாருங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தகவல்களை ஒன்றுசேர்த்த 2016 ஆம் ஆண்டு ஆய்வில், எட்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தாலும் தினமும் 60 முதல் 75 நிமிடம் விரைவாக நடப்பது போன்ற உடலுழைப்பு உள்ளவர்களிடம் அந்த மேலதிக இறப்பு ஆபத்து காணப்படவில்லை. அவ்வளவு முடியாதவர்கள் வாரம் 150 நிமிடமாவது நடக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. தெற்காசியரான எமக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. இடுப்பளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் குருதிச் சோதனை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

2. அரை மணிக்கு ஒருதரம் எழும்புங்கள். தொலைபேசியில் நின்று பேசுங்கள்.

3. ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் 20 நிமிட இடைவேளை உங்கள் சட்ட உரிமை. அதை மேசையில் கழிக்காமல் வெளியே நடவுங்கள்.

4. தினமும் தொடர்ந்து கணினியில் வேலை செய்பவர்கள் கேட்டால், கண் பரிசோதனைச் செலவை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் இது பொருந்தும்.

5. வாரம் சராசரி 48 மணித்தியால வரம்பை விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்டிருந்தால், முன்னறிவித்தல் கொடுத்து அதை மீளப் பெறலாம்.

நாமும் நோயாளரைப் பார்ப்பது கதிரையில் இருந்துதான். அதனால் அடுத்தவரைக் கூப்பிட ஒவ்வொரு முறையும் எழுந்து நடந்து போகிறோம். கழுத்து நோவுடன் வந்த அந்த அன்பர் ஞாயிறு வேலையை விட்டுவிட்டு இப்போது பிள்ளைகளுடன் பூங்காவில் நடக்கிறார். ஒரு நாள் சம்பளம் குறைந்ததுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பன் நெடுநாள் வேண்டுமல்லவா?